பாட்டு கேட்ட நாட்களின் கணக்கு: மான்டரே விரிகுடா, ஒரு நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், கரையிலிருந்து 52 கிலோமீட்டருக்குக் கடலடியில் கேபிள் இழுத்து, 891 மீட்டர் ஆழத்தில் ஒரு ஹைட்ரோபோன் வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் சத்தம் பிடிக்கிற மைக் அது. மான்டரே விரிகுடா மீன்காட்சியக ஆராய்ச்சி நிறுவனத்தின் ஏற்பாடு, சுருக்கமாக எம்பாரி. 2015 ஜூலையில் பதிவு தொடங்கியது. கரண்ட் போவதும் டேட்டா வருவதும் அந்தக் கேபிளிலேயே என்பதால் பேட்டரி தீர்ந்தது, மெமரி நிரம்பியது என்ற பேச்சே இல்லை. இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பதிவில் 6 ஆண்டுகளை எடுத்து அலசி, எம்பாரியின் ஜான் ரயன் தலைமையிலான குழு 2025இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாட்டு கேட்ட நாட்கள் 34 சதவீதத்திலிருந்து 76 சதவீதத்துக்கு ஏறியிருக்கின்றன என்பது அதில் உள்ள ஒரு கணக்கு. வருடத்தில் நான்கு மாத அளவுக்குக் கேட்டது, ஒன்பது மாத அளவுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இதைப் படிக்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, திமிங்கலம் இரண்டு மடங்கு பெருகிவிட்டது என்பதுதான். கோவையில் இந்தப் பதிவுகளைக் கேட்டு வருகிற எங்கள் சிறு குழுவிலும் முதலில் அப்படித்தான் பேச்சு வந்தது. ஆனால் மான்டரே, திமிங்கலம் சோடி சேருகிற கடல் இல்லை. இரை தேடி வருகிற கடல். அங்கே கேட்கிற பாட்டு தலைக்கணக்கைச் சொல்வதை விட, அந்தக் கடலில் அந்த வருடம் சாப்பாடு எப்படி இருந்தது என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. ஏன் அப்படி என்பதையும், எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

நான் கோவையில் மோட்டார் பம்ப் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். பேரிங் போகப் போகிறதா, ரோட்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சத்தத்தையும் அதிர்வையும் படமாக்கிப் பார்ப்பது எனக்கு அன்றாட வேலை. நேரம் வரிசையாகப் போகும், அதிர்வெண் உயரமாக நிற்கும், சத்தத்தின் வலு நிறமாகத் தெரியும். ஸ்பெக்ட்ரோகிராம் என்று அதைச் சொல்வோம். எம்பாரி தன் பதிவுகளை உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதனால் கடலுக்கு இத்தனை தூரத்தில் இருக்கிற பீளமேட்டில், சில பொறியியல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு விடுமுறை நாட்களில் இதைப் பார்த்து வருகிறோம்.

இரை தேடும் கடலில் பாட்டு

கூன்முதுகுத் திமிங்கலத்துக்கு வருடத்தில் இரண்டு வீடு. வெயில் காலத்தில் குளிர்ந்த, இரை மிகுந்த கடலில் தின்று கொழுப்பு சேர்க்கும். குளிர் காலத்தில் வெப்பமண்டலக் கடலுக்குப் போய்ச் சோடி சேரும், குட்டி போடும். அங்கே அநேகமாகப் பட்டினிதான். மான்டரேயில் மேய்கிறவை மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் கரைகளுக்குப் போகிறவை.

பாடுவது ஆண் மட்டும். ராஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் சயன்ஸ் இதழில் அந்தச் சத்தத்தின் ஒழுங்கை விளக்கினார்கள். தனித்தனி ஒலிகள் சேர்ந்து ஒரு சொற்றொடர் போல ஆகும். அதே சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்து ஒரு பகுதியாகும். பகுதிகள் ஒரு வரிசையில் வந்து முழுப் பாட்டாகும். பத்து, இருபது நிமிடத்தில் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மணிக்கணக்கில் நிறுத்தாமல் பாடுகிறவையும் உண்டு. ஒரு கூட்டத்தின் ஆண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பாட்டைப் பாடும். வருடம் போகப் போக எல்லாம் சேர்ந்தே அதை மாற்றிக்கொள்ளும்.

ஆண் பாடுகிறது, குளிர்காலத்தில் பாடுகிறது என்றால் அது சோடி சேரும் கடலுக்கே உரியது என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். வட அட்லாண்டிக்கின் ஒரு மேய்ச்சல் கடலிலும் பாட்டு கேட்டது என்று 1987இலேயே கட்டுரை வந்தது. ஆனால் அது விதிவிலக்கு போலத்தான் பார்க்கப்பட்டது. 2004இல் கிளார்க்கும் கிளாஃபமும் ஜார்ஜஸ் பேங்க் என்ற மேய்ச்சல் பகுதியில் வசந்தத்தின் கடைசி வரை பாட்டு தொடர்வதைக் காட்டினார்கள். 2012இல் மாசசூசெட்ஸ் பக்கத்து ஸ்டெல்வேகன் பேங்கிலிருந்தும் அதே செய்தி. அதே ஆண்டில் அண்டார்டிக் தீபகற்பத்தில், திமிங்கலத்தின் உடம்பில் ஒட்டிய கருவி ஒன்று, இரைக்காக முங்குகிற வேளையிலேயே பாட்டும் நடப்பதைப் பதிவு செய்தது.

இவ்வளவு காலம் ஏன் தெரியாமல் போயிற்று? என் கணிப்பு இது. மேய்ச்சல் கடலுக்கு ஆய்வுப் படகுகள் போவது வெயில் காலத்தில், பகலில். பாட்டு வலுப்பது இலையுதிர் காலத்துக்கு அப்புறம், அதுவும் இருட்டில். படகு போன நேரத்தில் பாட்டு இல்லை. பாட்டு இருந்த நேரத்தில் படகு இல்லை. அதனால்தான் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு ஹைட்ரோபோன், அருமையான நூறு பயணங்களை விட மேல் என்று நான் நம்புகிறேன்.

கேட்ட விதம்

மூலப் பதிவு விநாடிக்கு 2,56,000 மாதிரிகள் எடுக்கிறது. அப்படியே சேர்த்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 2 டெராபைட். வீட்டு இணைப்பில் அதை இறக்க முடியாது, தேவையும் இல்லை. விநாடிக்கு 16,000 மாதிரிகளாக, அதாவது 16 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருக்கிய நாள் கோப்புகளையும் எம்பாரி தருகிறது. ஒரு நாளைக்கு 4 ஜிபி சொச்சம். அதில் 8 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், கூன்முதுகின் பாட்டுக்கு அது போதும். நீலத்திமிங்கலத்தையும் துடுப்புத் திமிங்கலத்தையும் மட்டும் பார்ப்பதாக இருந்தால் இன்னும் சிறிய 2 கிலோஹெர்ட்ஸ் கோப்பே போதும். அவை இரண்டும் பெரும்பாலும் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலுக்கும் கீழே பாடுகிறவை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு சௌகரியம். கோப்பு உலக நேரப்படி நள்ளிரவில் தொடங்கும். அப்போது நமக்குக் காலை ஐந்தரை, மான்டரேயில் குளிர்காலத்தில் முந்தைய நாள் மாலை நான்கு. அங்கே ஒரு நவம்பர் இரவு முழுசும் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடுகிறது. அந்த இரவு நமக்கு ஏறத்தாழ காலை ஆறரையிலிருந்து இரவு எட்டேகால் வரை. இரண்டு கோப்பை வெட்டி ஒட்டாமல் இரவு-பகல் ஒப்பீட்டைத் தொடங்கலாம்.

காதால் கேட்டே எண்ணுவது ஆறு ஆண்டுக்குச் சாத்தியமில்லை. இதற்குப் பொருத்தமான ஒரு கருவி, கூகுளும் நோவா என்ற அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய நரம்பு வலையமைப்பு, அதாவது உதாரணங்களைப் பார்த்துப் பழகுகிற கணினி நிரல். பசிபிக்கின் 13 இடங்களில் சேர்த்த 1,87,000 மணி நேரப் பதிவில் கூன்முதுகின் பாட்டைத் தேட அதைப் பயன்படுத்தி, 2021இல் கட்டுரை வெளியிட்டார்கள். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியை நான்கு விநாடிக்குச் சற்றுக் குறைவான துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மதிப்பெண் போடும். அதை மான்டரே பதிவில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சிக் கோப்பையும் எம்பாரி பொதுவில் வைத்திருக்கிறது. கணினிப் படிப்பு படிக்கிற எந்த மாணவரும் இதை ஓட்டலாம்.

ஒரு நவம்பர் இரவு

மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதற்காக, முதலில் மாணவர்களை ஒரு நவம்பர் கோப்பைக் காதாலும் கண்ணாலும் முழுசாகப் பார்க்கச் சொன்னேன். அங்கே சாயங்காலமாக இருக்கிற பகுதியில் பெரும்பாலும் கப்பல்தான். புரொப்பல்லர் ஒரே வேகத்தில் சுற்றுவதால் படத்தில் அசையாத நேர்கோடுகள் விழும். கப்பல் மேலே கடந்து போகையில் நேராக வருகிற சத்தமும் அலைப்பரப்பில் பட்டுத் திரும்புகிற சத்தமும் கலந்து, அடுக்கடுக்கான குழிந்த வளைவுகள் தெரியும். மோட்டார் பார்த்த கண்ணுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். தேய்ந்த பேரிங் போடுகிற கோடு போலத்தான், ஓரிடத்தில் நின்றால் நின்றதுதான். உயிருள்ளது போடுகிற கோடு அப்படி நிற்காது. ஏறும், இறங்கும், நடுவில் நெளியும்.

இருட்டிய பிறகு முதலில் அடித்தளத்தில் ஒரு முனகல் வரும். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே, தடித்த பட்டையாக. அப்புறம் ஒரு கிலோஹெர்ட்ஸை ஒட்டி மேலேறும் ஒரு கீச்சல், அதன் மேலே ஏணிப்படி போல அதன் மடங்கு அதிர்வெண்கள். பிறகு குட்டை குட்டையான உறுமல்கள் வரிசையாக. சின்ன இடைவெளி. மறுபடி முனகல். இந்த வரிசை இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரும்போதுதான் இது பாட்டு என்று உறுதியாகச் சொல்லலாம். ஒலி எதுவும் தனியாக அதைச் சொல்லாது, திரும்ப வருவதுதான் சொல்லும். மேய்ச்சல் கடலில் இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் கூன்முதுகுகள் அங்கே பாட்டில்லாத சத்தங்களும் நிறையப் போடும். அலாஸ்காவில் மீன் கூட்டத்தை வளைக்கிறபோது ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸில் போடுகிற நீளமான கூவல் பதிவாகியிருக்கிறது; ஒன்றை ஒன்று கூப்பிடுகிற குறுங்குரல்களும் உண்டு. பெண்ணும் இவற்றைப் போடும். நான்கு விநாடித் துண்டில் இதற்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதனால் தொடர்ந்து பல துண்டுகள் நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் பாட்டு என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

உடுமலைக்காரப் பையன் ஒருவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: "ஏனுங்கக்கா, சோறு திங்கற எடத்துல எதுக்குங்க பாடோணும்? பொண்ணு அங்க இல்லீங்களே?" பெண்ணும் அங்கேதான் இருக்கிறது என்றேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஆண்களின் உடம்பில் இலையுதிர் காலத்திலிருந்தே ஹார்மோன் ஏறத் தொடங்குகிறது. கிளம்பும் காலம் நெருங்க நெருங்கப் பாட்டு வலுப்பதற்கு அது ஒரு காரணம். கிளம்பும் முன்பே சோடி தேடுவதும், புதுப் பாட்டைப் பழகிக்கொள்வதும்கூடக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ரயன் குழுவின் 2019ஆம் ஆண்டுக் கட்டுரை மான்டரேயில் செப்டம்பர் முதல் மே வரை பாட்டு கேட்பதையும், பகலை விட இரவில் அதிகம் கேட்பதையும் காட்டியது. பகலில் இரை, இருட்டினால் பாட்டு என்று நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அந்தப் பங்கீடு வயிறு நிறைகிற வருடத்தில்தான் நடக்கும்.

ஆறு ஆண்டில் கடலுக்கு என்ன ஆயிற்று

பதிவு தொடங்கிய சமயம் கிழக்குப் பசிபிக்குக்குப் பெரிய கஷ்டகாலம். 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலை, அடியிலிருந்து குளிர்ந்த சத்து நீர் மேலேறுவதை நலிவடையச் செய்தது. 2015இல் அமெரிக்க மேற்குக் கரை நெடுக நச்சுப்பாசி பெருகி, டொமாயிக் அமிலம் என்ற அதன் நஞ்சு மீனிலும் நண்டிலும் ஏறியது. கிரில் என்ற, இறால் போன்ற குட்டி உயிரினம் குறைந்தது. பாட்டு மிகக் குறைவாகக் கேட்ட ஆண்டும் அதுதான்.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். அந்த ஆண்டு திமிங்கலம் வராததால்தான் பாட்டு இல்லை என்று சொல்லிவிடலாமா? 2015, 2016இல் அதே கலிபோர்னியாக் கரையில் நண்டுப் பொறிக் கயிறுகளில் கூன்முதுகுகள் சிக்கியது என்றுமில்லாத அளவுக்கு உயர்ந்தது. வெளிக்கடலில் கிரில் இல்லாமல், கரையோரம் குவிந்த நெத்திலி வகை மீனைத் தேடி அவை உள்ளே வந்து கயிற்றில் மாட்டின. ஆக, திமிங்கலங்கள் கரைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன; பாட்டுதான் குறைந்திருக்கிறது. தலைக்கணக்கும் பாட்டுக் கணக்கும் வேறு வேறு என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே எனக்குப் போதும். இரை சிதறிக் கிடந்தால் தேடவே நேரம் போய்விடும். பாட நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது.

அப்புறம் கடல் குளிர்ந்தது, கிரில் திரும்ப வந்தது. நீலத்திமிங்கலம், துடுப்புத் திமிங்கலம், கூன்முதுகு மூன்றின் பாட்டும் ஏறியது. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ஆய்வின் சாரம். இரையில் கிரிலின் பங்கு இறங்கி, நெத்திலி ஓங்கியது. கிரிலை மட்டுமே நம்பியிருக்கிற நீலத்திமிங்கலத்தின் பாட்டு அதோடு சேர்ந்து ஏறவில்லை. கூன்முதுகு இரண்டையும் தின்னும். அதன் பாட்டு மட்டும் ஏறிக்கொண்டே போனது. திமிங்கலத் தோலில் சிறு துணுக்கு எடுத்து, அதிலுள்ள ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தைப் பார்த்து, எந்த ஆண்டில் கிரில் தின்றது, எந்த ஆண்டில் மீன் தின்றது என்பதையும் ரயன் குழு சரிபார்த்தது. மூன்று இனம், ஒரே கடல், ஒரே ஹைட்ரோபோன், ஆனால் இரைக்கு ஏற்ப வேறு வேறு போக்கு. மைக்கின் கோளாறாக இருந்திருந்தால் மூன்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியிருக்கும்.

பூஜ்யத்தில் ஒளிந்திருப்பது

இந்தக் கணக்கை நான் நம்புகிறேன். ஆனாலும் எங்கே இடறும் என்பதையும் சொல்ல வேண்டும்.

"பாட்டு கேட்ட நாள்" என்பது கரடுமுரடான அளவுகோல். ஒரே ஒரு ஆண் பத்து நிமிடம் பாடிவிட்டுப் போனாலும் ஒரு நாள். பல ஆண்கள் விடிய விடியப் பாடினாலும் ஒரு நாள். குறைவாகக் கேட்கிற காலத்தில் இந்த அளவு நன்றாக வேலை செய்யும். எல்லா நாளும் கேட்கிற டிசம்பர் போன்ற மாதத்தில், பாட்டு எவ்வளவு கூடினாலும் இந்த அளவு நூறு சதவீதத்தைத் தாண்டாது. அதனால் நாளோடு சேர்த்து மணிநேர விகிதத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது சத்தம். யாருமே பாடாத நாளும், பாட்டு கப்பல் இரைச்சலில் மூழ்கிய நாளும் அட்டவணையில் ஒரே பூஜ்யம்தான். 2020இல் கொரோனா காலத்தில் மான்டரேயில் கப்பல் சத்தம் குறைந்ததை இதே ஹைட்ரோபோன் காட்டியிருக்கிறது. அப்படியானால் கடைசி ஆண்டுகளின் ஏற்றம், கடல் அமைதியானதால் வந்ததா? அது முழுக் காரணமாக இருக்க முடியாது. அப்போது குறைந்தது கீழ் அதிர்வெண் இரைச்சல். பாட்டின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. தவிர, ஏற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கொரோனா வருவதற்கு முந்தைய 2019 கட்டுரையே மூன்று ஆண்டுகளில் பாட்டு கூடி வந்ததைக் காட்டியது. ஆனால் வேறு கடலில் இதைச் செய்கிறவர்கள், பின்னணி இரைச்சலையும் பக்கத்திலேயே அளந்து வைக்காமல் பாட்டு நாட்களை மட்டும் வெளியிட்டால் நான் அதை ஏற்க மாட்டேன்.

நம் பக்கத்துக் கடல்

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் அரபிக்கடல். அங்கே ஒரு கூன்முதுகுக் கூட்டம் உண்டு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத விதமாக. துருவப் பக்கம் போவதே இல்லை. தின்பதும் சோடி சேருவதும் இந்த ஒரே கடலில்தான். 1966இல் சோவியத் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் சட்டத்துக்குப் புறம்பாக இங்கே இருநூறுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றன. இப்போது ஓமன் கரையோரம் நூறு கூட இல்லை என்பதுதான் மதிப்பீடு. அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்திய லூபன் என்ற பெண் திமிங்கலம், 2017 கடைசியில் கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்முனைப் பக்கம் வரை வந்தது. அதற்கும் முன்பே, 2011 ஜனவரி முதல் மே வரை, சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் தென்கிழக்கு அரபிக்கடலின் ஆழம் குறைந்த பகுதியில் வைத்த தானியங்கிக் கருவியில் கூன்முதுகின் ஒலிகள் பதிவாயின. 2015இல் அதை வெளியிட்டபோது, சோடி சேரும் பகுதிக்கான அறிகுறியாக அதைப் பார்த்தார்கள்.

மான்டரேயில் கற்றதை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. அங்கே மேய்ச்சல் கடல் வேறு, சோடிக் கடல் வேறு என்பதால்தான் பாட்டை இரையோடு சேர்த்துப் படிக்க முடிந்தது. இங்கே இரண்டும் ஒன்று. ஜனவரியில் பாட்டு கேட்டால் அது சோடி சேரும் பருவத்தின் பாட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். மே மாதத்திலும் கேட்டால்? அதைப் பிரிக்க வேண்டுமென்றால் தென்மேற்குப் பருவக் காலத்தின் பதிவு வேண்டும். கேரளக் கரையில் அடிநீர் மேலேறி மத்தியும் நெத்திலியும் கொழிப்பதற்கு வழி செய்கிற காலம் அது. ஆடியில் நம்ம ஊர்க் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே பருவக்காற்றின் வேலை. கடல் கொந்தளிப்பாக இருக்கும், மழை விழுகிற இரைச்சலும் பதிவில் ஏறும், கருவி வைப்பதும் எடுப்பதும் லேசான காரியம் இல்லை. ஒரு அனுகூலமும் உண்டு: ஜூன் 9 இரவிலிருந்து ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகு இழுவலைக்குத் தடை. அந்த 52 நாளும் கரையோரத்தில் இயந்திரச் சத்தம் குறையும். மழை இரைச்சல் பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில் இருப்பதால், பாட்டின் கீழ்ப்பகுதி அதில் மறையாமல் நிற்க வாய்ப்பு இருக்கிறது.

கூகுளின் கருவியையும் இங்கே அப்படியே நம்பக் கூடாது. வட பசிபிக் பாட்டைக் கேட்டுப் பழகியது அது. அரபிக்கடல் கூட்டம் மற்றவற்றோடு கலக்காமல் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தனித்து இருக்கிறது, அதன் பாட்டும் தனி. முதலில் மனிதக் காது கேட்டுக் குறித்த துண்டுகள் வேண்டும், அதை வைத்துக் கருவிக்கு மறுபயிற்சி கொடுக்க வேண்டும். குறிக்கிற வேலைக்குக் கடலோரத்தில் வீடு இருக்க வேண்டியதில்லை. திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி எங்கே இருந்தும் செய்யலாம். எங்கள் மாணவர்கள் மான்டரே கோப்புகளில் அதற்குத்தான் கை பழகுகிறார்கள்.

அரபிக்கடலின் பருவமழைப் பதிவு ஒன்று கைக்கு வருமானால் நான் முதலில் பார்க்கப்போவது எத்தனை நாள் பாட்டு கேட்டது என்பதை இல்லை. அதற்கு முன்னால் இரவையும் பகலையும் பிரித்துப் பார்ப்பேன். பாட்டு இருட்டில் மட்டும் குவிந்து, பகலில் ஓய்ந்திருந்தால் மான்டரே போல இரையோடு நேரத்தைப் பங்கு போடுகிற கடல் என்று சந்தேகிக்கலாம். பகலிலும் அதே வலுவில் ஓடினால், தின்பதை ஒதுக்கிவிட்டுச் சோடிக்காகப் பாடுகிறது என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு தேட வேண்டும்.